@ குறி: இணையத்தில் பெயர் சொல்லி அழைத்தல்

@ என்பது இணைய உரையாடலில் ஒருவரை விளிக்கும் குறி. பேச்சு வழக்கில் 'அட்'. பெயருக்கு முன்னால் இதை இட்டால், செய்தி யாரை நோக்கியது என்பது படிப்பவர்களுக்கும் கணினிக்கும் ஒருசேரத் தெரிந்துவிடுகிறது.

குறி வணிகர்களுடையது. பிளாரன்ஸ் வணிகர் பிரான்செஸ்கோ லாப்பி 1536 மே 4 அன்று செவில் நகரிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில், மதுவை அளக்கும் முகத்தலளவையின் சுருக்கமாக இது வருகிறது. ஆங்கிலக் கணக்கேடுகளில் 'ஒன்று இன்ன விலைக்கு' என்ற பொருளில் நிலைத்தது. அந்த வழியாகவே தட்டச்சுப் பலகைக்கும் வந்து சேர்ந்தது.

1971இல் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனப் பொறியாளர் ரே டாம்லின்சன், அர்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்பும் நிரலை எழுதினார். பயனரின் பெயரையும் அவர் கணக்கு வைத்திருக்கும் கணினியின் பெயரையும் பிரிக்க, ஆட்பெயர்களில் வராத ஒரு குறி தேவைப்பட்டது. அவர் @ஐத் தேர்ந்தார். மின்னஞ்சலில் இக்குறிக்குப் பின் வருவது இடம், ஆள் அல்ல. ஒருவரை விளிக்கும் இன்றைய வழக்கு இதற்கு நேர் எதிர்.

இடையில் வேறு வழக்கங்களும் இருந்தன. ஃபின்லாந்தின் யார்க்கோ ஒய்காரினென் 1988இல் உருவாக்கிய ஐஆர்சி அரட்டையில் பலர் பேச்சும் ஒரே ஓடையில் கலந்து ஓடும். அங்கே எதிராளியின் புனைபெயரை எழுதி முக்காற்புள்ளி இட்டால் அதுவே விளி. @ குறியோ அரட்டை அறையை நிர்வகிப்பவரின் பெயருக்கு முன் நின்ற அதிகார அடையாளம்.

2006இல் ட்விட்டர் தொடங்கியபோது அதில் மறுமொழிக்கென வசதி ஏதும் இல்லை. குறுகிய செய்திக்குள் யாருக்குப் பதில் சொல்கிறோம் என்று காட்ட, அவ்வாண்டு நவம்பரிலேயே பயனர்கள் தாமாக @ இட்டுப் பெயர் எழுதத் தொடங்கினர். வழக்கம் பரவிய பிறகே, 2007இல், நிறுவனம் அதற்கு இணைப்பும் தனிப் பக்கமும் தந்தது. 2009 மார்ச்சில் செய்தியின் எந்த இடத்தில் பெயர் வந்தாலும் உரியவருக்குக் காட்டும்படி மாற்றியது. ஆக, இந்த விளிக்குறியைப் படைத்த பெருமை பயனர்களையே சேரும்.

பிற தளங்கள் பின்தொடர்ந்தன. ஃபேஸ்புக் 2009 செப்டம்பரில் இதை ஏற்றது. 2011இல் வந்த கூகுள் பிளஸ் கூட்டல் குறியை முயன்றது, அது நிலைக்கவில்லை. 2016இல் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் @ வந்தது. அங்கே குழுவின் ஒலியை அடைத்து வைத்தவருக்கும் தம் பெயர் அழைக்கப்பட்டால் அறிவிப்பு போகும். இந்த ஆற்றலே தொல்லைக்கும் வாசல் திறந்தது. பொதுத் தளங்களில் முன்பின் அறியாதவர் எவரையும் அழைத்து வசைபாட முடிந்ததால், அறிவிப்புகளை வடிகட்டவும் அழைப்பவரை முடக்கவும் தளங்கள் வழிசெய்ய வேண்டியதாயிற்று.

கண்ணனைத் தமிழில் அழைக்க 'கண்ணா' என்று ஈற்றைத் திரித்தாலே போதும். விளிக்கத் தனிக் குறி வேண்டாம். கணினிக்கோ பதிந்த பெயர் எழுத்துப் பிசகாமல் வேண்டும். அந்தப் பெயரும், ட்விட்டரின் இன்றைய வடிவமான எக்ஸ் தளத்தில், ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றால் மட்டுமே அமைய முடியும். பிறமொழி எழுத்துகளில் மின்னஞ்சல் முகவரி அமைப்பதற்கான நெறிமுறை 2012இலேயே வெளிவந்துவிட்டது. உரையாடல் தளங்களும் அந்தக் கதவைத் திறக்க வேண்டும்.