பகான் நகரும் நான்மொழிக் கல்லும்

மியான்மரில் ஐராவதி ஆற்றின் கீழ்க்கரையில் பரந்து கிடக்கும் பகானைக் காணச் செல்வோர்க்கு, வழிகாட்டி நூல்கள் கோயில்களையும் தூபிகளையுமே எண்ணிக் காட்டுகின்றன. எண்ணிக்கை பெரிதுதான், பதிவு பெற்ற சின்னங்கள் 3,500க்கும் மேற்பட்டவை. 2019இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் இந்நகர் இடம்பெற்றது. ஆயினும், 11ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை தலைநகராக விளங்கிய இவ்வூரில் எந்த மொழி எப்பணிக்கு வழங்கிற்று என்பதைச் செங்கற்கள் கூறா. அதனைக் கூறுவன கல்வெட்டுகளே.

அவற்றுள் தலையாயது மியின்கபா என்னும் சிற்றூரின் மியாசேதிக் கல்வெட்டு. ('மியா' மரகதம், 'சேதி' பாலியின் 'சேதிய' என்பதன் திரிபு.) கியான்சித்தா என வரலாறு அறியும் அரசன் இறக்குந் தறுவாயில், அவன் மகன் இராசகுமாரன் பொன்னாலான புத்தர் படிமம் ஒன்று செய்வித்து, தாய்க்குப்பின் தனக்கு வந்த மூன்று ஊர்களின் அடிமைகளை அதற்கு உரிமையாக்கினான். கி.பி. 1113ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட இச்செய்தி, நாற்பக்கத் தூணில் பாலி, பியூ, மோன், பர்மியம் ஆகிய நான்கு மொழிகளிலும் உள்ளது. இவ்வாசகம் தாங்கிய தூண்கள் இரண்டு. ஒன்று கோயில் வளாகத்திலும் மற்றொன்று பகான் அருங்காட்சியகத்திலும் காக்கப்படுகின்றன.

நான்கையும் ஒரே மூலத்தின் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்புகள் எனக் கொள்வது பொருந்தாது. பாலிப் பகுதி செய்யுள். பர்மியப் பகுதி உரைநடை. செய்யுளில் அரசன் 'திபுவனாதிச்ச' எனப் பாலி வடிவம் பெற்றுக் கதிரவன் குலத்தவனாகப் புகழப்படுகிறான். உரைநடையிலோ 'திரிபுவனாதித்திய' என்னும் வடமொழி வடிவமே நிற்கிறது. அக்குலப்புகழ் அங்கு இல்லை. யாப்பு கேட்டதைப் பாலிப் புலவர் சேர்த்தாரா, சாசன வழக்குக்கு வேண்டாததைப் பர்மிய எழுத்தர் விட்டாரா என்பது மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. கொடைக்குக் கேடு செய்வோர் மைத்திரேய புத்தரைக் காணப்பெறாதொழிக என்னும் இறுதி வாசகம், தமிழ்க் கல்வெட்டுகளின் ஓம்படைக்கிளவியை நினைவூட்டும்.

இக்கல்லால் பெரும்பயன் எய்தியது பியூ மொழியே. அது வழக்கொழிந்து, படிப்பாரும் அற்றுப்போன மொழி. பிளாக்டன் 1911இல் பியூப் பகுதியைப் பிற பகுதிகளோடு ஒப்பிட்டு, இடுபெயர்களை முதற்பிடியாகக் கொண்டு அதனைப் படிக்கலானார். உடன் மூன்று மொழிகள் நின்றிராவிடில் பியூ இன்றும் வெறுங்கோடுகளாகவே இருந்திருக்கக்கூடும்.

நகரின் பெயரும் ஆராயத்தக்கது. பாலியில் அது அரிமத்தனபுரம், அதாவது பகைவரை நசுக்கும் நகர். பகானிலேயே கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இதனைப் 'புக்கமான அரிவத்தனபுரம்' என்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி, அங்கிருந்த நானாதேசி விண்ணகர்க்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்ததை அது தெரிவிக்கிறது. அதன் தலைப்பில் உள்ள வடமொழிச் சுலோகம் முகுந்தமாலையில் காணப்படுவது. தமிழில் மகரம் வகரமானது இயல்பான திரிபே. ஆனால் 'வத்தன' என்பதை 'வர்த்தன' எனக் கொள்வோமாயின், பகை நசுக்கும் நகர் பகை வளர்க்கும் நகராகிவிடும்! 'புக்கம்' என்பதன் ஈற்று மகரம் இன்னும் மதிப்புடையது. பர்மியர் இன்றும் இப்பெயரை மகர ஈறு காட்டியே எழுதுகின்றனர். பேச்சில் அது மூக்கொலியாகத் தேய்ந்து 'பகான்' ஆயிற்று. தமிழ் வணிகர் செவியில் விழுந்த பழைய ஒலியைக் கல் காத்திருக்கிறது.

கட்டடங்களுக்கு இத்தகைய காப்பு வாய்க்கவில்லை. 1975 நிலநடுக்கத்தில் பல சிதைந்தன. 1990களில் அடித்தளம் மட்டுமே எஞ்சிய பலவற்றின்மீது புதுச் செங்கல்லால் மேற்பகுதிகள் எழுப்பப்பட்டன. இது மூலச்சுவடி இன்றியே பாடத்தை இட்டு நிரப்புவதை ஒக்கும். 1990இல் மதிலுக்குள் குடியிருந்த மக்கள் வெளியேற்றப்பட்டுத் தெற்கே குடியமர்த்தப்பட்டனர். அவ்விடம் 'பகான் மியோதிட்', புதுப் பகான், எனப் பெயர் பெற்றது. அவர்கள் விட்டு நீங்கிய இடத்தையே பயணிகள் பழம் பகான் என்கின்றனர்.