ஃபர்ஸ்ட் லான்சருக்கு என்ன நிறம்?

ஹைதராபாத்தில் மாசாப் டேங்க் பக்கம் ‘ஃபர்ஸ்ட் லான்சர்’ என்று ஒரு பேட்டை இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னால் கொண்டுபோய் இறக்கிவிடுவார். யார் அந்த லான்சர் என்று கேட்டால்தான் தலையைச் சொறிவார். நிஜாமின் முதல் லான்சர் படை, அதாவது ஈட்டி ஏந்திய குதிரைப்படை, இருந்த இடம் அது. கொஞ்சம் தள்ளி ஏ.சி. கார்ட்ஸ், நிஜாமிடம் வேலை பார்த்த ஆப்பிரிக்கக் குதிரைக் காவலர்களின் பேட்டை. ஊருக்குத் தெற்கே பார்க்கஸ். ஏமனின் ஹத்ரமவுத்திலிருந்து சிப்பாய் வேலைக்கு வந்த அரபுகளின் வாரிசுகள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். நான் பிறந்த செகந்திராபாத்தும் படையால் உண்டான ஊர்தான். 1798 ஒப்பந்தப்படி வந்த கம்பெனிப் பட்டாளத்துக்காக எழும்பிய கன்டோன்மென்ட்; 1806இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரை வைத்தார்கள். அந்தப் பட்டாளத்தின் பின்னாலேயே மதராஸிலிருந்து தமிழர்களும் வந்தார்கள். எங்கள் குடும்பமும் அந்த வழியில் வந்ததுதான் என்று பாட்டி சொல்வாள்.

நான் சினிமா பேனர் ஆர்ட்டிஸ்ட். ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸ் தியேட்டர் வாசல்களில் நின்ற முகங்களில் சில என் கையால் ஆனவை. ப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை வாரிக்கொண்டு போனபிறகு கை சும்மா இருக்கவில்லை. பத்தடி முகம் வரைந்தவன் இரண்டரை சென்டிமீட்டர் முகத்துக்கு வந்து சேர்ந்தேன். பத்தில் ஒரு பங்கு அளவில், ரெசினில் வார்த்த மார்பளவுச் சிப்பாய்ப் பொம்மைகள் பெட்டியில் வருகின்றன. பெயின்ட் அடிப்பது நம் வேலை. உலகம் முழுக்க இதற்குப் பித்துப் பிடித்தவர்கள் உண்டு. இவற்றில் பாதி சினிமா பார்த்துச் செய்தவை.

என் தங்கை மகன் சிட்னியிலிருந்து கொண்டுவந்ததும் அப்படி ஒன்று: ஆஸ்திரேலிய ‘லைட் ஹார்ஸ்’ வீரன், தொப்பியில் ஈமு இறகு. 1987இல் வந்த ‘தி லைட்ஹார்ஸ்மென்’ படத்தில் பார்க்கலாம். 1917 அக்டோபர் 31 அன்று பாலஸ்தீனத்தின் பீர்ஷெபா ஊரைக் குதிரையில் பாய்ந்து பிடித்தவர்கள். இவர்களிடம் வாள்கூட இல்லை. துப்பாக்கி பயனெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்ந்தார்கள். படம் எடுக்கத் தோதான கதை, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே போர்முனையில்தானே எங்கள் ஃபர்ஸ்ட் லான்சர்காரனும் இருந்தான்? அவனுக்கு ஏன் ஒரு பெட்டி இல்லை?

இவன் கதை பணத்தில் தொடங்குகிறது. 1887இல் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான், ரஷ்யா பயம் பிடித்திருந்த வடமேற்கு எல்லையைக் காக்க 60 லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னார். அப்போது டஃபரின் வைஸ்ராய். சமஸ்தானங்கள் பணம் தருவதைவிட, ஆங்கிலேயர் பயிற்சியில் ஆளுக்கொரு படை வைத்திருப்பது மேல் என்று முடிவாகி, ‘இம்பீரியல் சர்வீஸ்’ படைகள் உருவாயின. 1914இல் யுத்தம் மூண்டதும் ஹைதராபாத், மைசூர் லான்சர்கள் ஒரே பிரிகேடில் எகிப்துக்குக் கப்பலேறினார்கள்; ஜோத்பூர் லான்சர்கள் பிரான்சில் இருந்துவிட்டு 1918இல்தான் அவர்களோடு வந்து சேர்ந்தார்கள். முதல் வேலை சூயஸ் கால்வாய்க் காவல். எதிரே நின்றது துருக்கி, இஸ்லாமிய உலகம் கலீஃபா என்று மதித்த சுல்தானின் படை. ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கானோ, முஸ்லிம்கள் பிரிட்டிஷாருக்கே விசுவாசமாக இருக்கவேண்டும் என்று அறிக்கை விட்டவர். குதிரை மேல் இருந்தவன் மனசில் என்ன ஓடியது என்று எந்த அறிக்கையும் சொல்லாது.

1918 செப்டம்பர் 23 அன்று பாலஸ்தீனத்தின் ஹைஃபா நகரம் விழுந்தது. ஈட்டியோடு பாய்ந்தவர்கள் ஜோத்பூர், மைசூர்க்காரர்கள். ஜோத்பூரின் மேஜர் தல்பத் சிங் அங்கேதான் மாண்டார். ஹைதராபாத் படை அன்று அங்கே இல்லை. பிடிபட்ட கைதிகளைப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அவர்களுக்கு. வெயிலில், புழுதியில், தோற்றுப்போனவர்களை நடத்திக் கூட்டிப்போவதும் யுத்தம்தான். ஆனால் அதை க்ளைமாக்ஸ் வைத்துப் படமெடுக்க எந்தத் தயாரிப்பாளர் வருவார்?

டெல்லியில் மூன்று படைகளுக்கும் சேர்த்து லெனார்ட் ஜென்னிங்ஸ் என்ற ஆங்கிலச் சிற்பி 1922இல் செய்த மூன்று வெண்கல வீரர்கள் நிற்கிறார்கள். அதுதான் தீன் மூர்த்தி. பின்னால் இருந்த தளபதி மாளிகை நேரு வீடாகி, அந்த வீட்டுக்கும் அதே பெயர் வந்தது. 2018இல் சௌக்கின் பெயரில் ஹைஃபாவும் சேர்ந்தது. பிரதமர் வீட்டு வாசல் என்று நினைவிருக்கிற அளவுக்கு நிற்பவர்கள் யாரென்று ஜனங்களுக்கு நினைவில்லை. அங்கே நின்று பார்த்தபோது எனக்குத் தலைப்பாகையின் மடிப்பும் நிற்கும் தோரணையும் கிடைத்தன, நிறம் கிடைக்கவில்லை. வெண்கலத்துக்கு எல்லா ஊர்க்காரனும் ஒரே நிறம்.

நிறத்துக்கு ஹைதராபாத்தில் இன்னொரு வாசல் உண்டு: சாலார் ஜங் மியூசியம். மூன்றாம் சாலார் ஜங் யூசுஃப் அலி கான் சொத்தையெல்லாம் கொட்டிச் சேர்த்தது. 1951 டிசம்பர் 16 அன்று திவான் தேவ்டியில் நேரு திறந்துவைத்தார்; 1968இல் மூசி ஆற்றங்கரைக் கட்டடத்துக்கு மாறியது. கூட்டமெல்லாம் முக்காடு போட்ட ரெபெக்கா சிலையையும் மணியடிக்கும் கடிகாரத்தையும் பார்க்கப் போகும். நான் நிற்பது குழந்தைகள் பிரிவில். அங்கே பொம்மைப் பட்டாளம் ஒன்று போர்க்களத்தில் நிற்பதுபோல் அணிவகுத்திருக்கிறது. இந்த மாதிரிப் பொம்மைகளுக்குப் பெரிய வரலாறு உண்டு. ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் தட்டையாக வார்த்தார்கள். 1893இல் லண்டனின் வில்லியம் பிரிட்டன், உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, உள்ளே மிஞ்சியதைக் கவிழ்த்து, கூடான பொம்மை செய்யும் வித்தையைக் கண்டுபிடித்தார். ஈயம் மிச்சம், விலை குறைவு. 54 மில்லிமீட்டர் உயரம் என்ற கணக்கு அங்கிருந்துதான் பரவியது. பிரிட்டன் கம்பெனி வங்காள லான்சர்களைக்கூட வார்த்து விற்றது. அவை பரேடு உடுப்பில் பளபளப்பவை. வார்னிஷ் அடித்த வெற்றி. பாலைவனத்தில் நாலு வருஷம் கிடந்தவனுக்கு அந்த நிறம் ஒட்டாது.

ஆகவே நானே செய்யத் துணிந்தேன். ஆஸ்திரேலியனின் தொப்பியை அரத்தால் ராவி எடுத்தேன். ரெசின் தூள் மூச்சில் போகக் கூடாது. தண்ணீர் தொட்டுத்தான் ராவ வேண்டும். குழாய் ஒழுகலுக்குப் போடும் எம்-சீலைப் பிசைந்து, மெல்லிய பட்டையாக இழுத்து, சுற்றுச் சுற்றாகத் தலைப்பாகை கட்டினேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்தேன். பிறகு காக்கி.

காக்கி ஒரு நிறமே இல்லை என்பது பெயின்ட் அடிப்பவனுக்குத்தான் தெரியும். 1840களின் கடைசியில் பெஷாவர் பக்கம் லம்ஸ்டனின் ‘கைட்ஸ்’ படை உள்ளூர்ச் சாயத்தில் முக்கிய காலத்திலிருந்தே அது தோய்க்குத் தோய் வேறு. வண்ணானிடம் பத்து முறை போய்வந்த பருத்தி ட்ரில் துணி தோளில் வெளுக்கும், மடிப்புக்குள் பழைய நிறத்தை ஒளித்துவைக்கும், கக்கத்தில் வியர்வை உப்பு வெள்ளைக் கோடாக நிற்கும். ஓக்கர் மஞ்சள், வெள்ளை, துளி கருப்பு, துளி பச்சை. இதிலிருந்து ஏழெட்டுக் காக்கி குழைத்தேன். சின்னப் பொம்மை மேல் விழும் அறை வெளிச்சம் போதுமான நிழலை உண்டாக்காது. வெயிலையும் நாமே வரைந்தாக வேண்டும். மேலே பார்க்கும் மடிப்புகளில் வெளிச்சம், கீழே திரும்பியவற்றில் இருட்டு. தூரத்துச் சாலைக்காக நிழலை மிகைப்படுத்திய பேனர்க்காரனுக்கு இதில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

முகம்தான் சண்டை போட்டது. பேனருக்குக் கம்பெனி ஸ்டில் கொடுக்கும்; ஹீரோ கன்னத்தில் ரோஜா, தாடைக்குக் கீழ் நீலம், வில்லனுக்குப் பச்சை என்று பழகிய கை. இங்கே ஸ்டில் இல்லை. நிஜாமின் படைகளில் அரபு, ரோஹில்லா, ஆப்பிரிக்கன், ரஞ்சித் சிங் காலத்தில் வந்த சீக்கியர், தக்காணி முஸ்லிம் என்று எல்லோரும் இருந்தார்கள். படங்களில் வரும் ‘இந்தியச் சிப்பாய்’ ஒரே மாதிரி. ‘1917’ படத்தில் ஒரு சீக்கியச் சிப்பாய் லாரிக்குள் கொஞ்ச நேரம் வருவதற்கே விவாதம் நடந்தது. நான் சினிமாவை ஒதுக்கிவிட்டு பார்க்கஸ் டீக்கடையில் உட்கார்ந்து முகங்களைப் பார்த்தேன். கடைசியில் கருஞ்செம்மண் நிறம், கண்ணுக்குக் கீழே ஊதா, உதட்டில் வெடிப்பு, மீசையில் தூசி. இது என் ஊகம். காக்கியும் தோல் பட்டையும் பதிவில் உள்ளவை. இரண்டையும் கலந்து வரலாறு என்று விற்க மாட்டேன்.

யுத்தம் முடிந்து 13 வருஷத்தில், 1931இல், நிஜாமின் மூத்த பிள்ளைகள் இருவரும் பிரான்சின் நீஸ் நகரில் துருக்கிய கலீஃபா குடும்பத்துப் பெண்களை மணந்தார்கள். கலீஃபாவின் மகள் துர்ருஷெவார், இன்னொருவர் நிலோஃபர். அவர் பெயரில் உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரி, ஏ.சி. கார்ட்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. யாரை எதிர்த்து ஈட்டி பிடித்தார்களோ அந்த வீட்டுப் பெண்கள் இந்த ஊர் மருமகள்கள் ஆனார்கள். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் வந்தபோது சரணடைந்த ஹைதராபாத் தளபதி எல் எத்ரூஸும் பழைய லான்சர்தான். அதோடு அந்தப் படைகளின் காலமும் முடிந்தது.

அடுத்து ஒரு துருக்கிக் கைதியைச் செய்யப்போகிறேன். லான்சர்காரன் நடத்திக் கூட்டிப்போனது அவனைத்தானே. இரண்டு பேரையும் ஒரே அளவில், ஒரே வெயிலில், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த 1918 செப்டம்பர் என் மேசையில் முழுசாகும்.