புலவர் இல்லமும் பாட்டும்: எமிலி டிக்கின்சன் நினைவில்லம் மூடியிருந்த காலம் (2020–2022)

புலவர் ஒருவர் வாழ்ந்த இல்லத்தைப் போற்றிக் காத்து, காண வருவோர்க்குத் திறந்து வைத்தல் மேலைநாடுகளில் நெடுநாளாக நிலவிவரும் வழக்கமாகும். அத்தகைய இல்லத்தின் பயன் யாது என்னும் வினா, அது திறந்திருக்கும் காலத்தில் எழுவதில்லை. மக்கள் வருகின்றனர், காண்கின்றனர், மீள்கின்றனர். வருவோர் தொகையே பயனாகக் கொள்ளப்படுகிறது. இல்லத்தின் கதவு அடைபடும்போதுதான் அவ்வினா தவிர்க்க இயலாததாகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாசசூசெட்சு மாநிலத்தில், ஆமர்ஸ்டு என்னும் ஊரில் எமிலி டிக்கின்சன் நினைவில்லம் உள்ளது. 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றின் காரணமாக அது மூடப்பட்டது. பின்னர்ச் செப்பனிடும் பணி தொடங்கியமையால், அவ்வடைப்பு 2022 ஆகஸ்டு வரை நீண்டது. புலவரின் பாட்டுகளோ எந்நாட்டிலும் நூல்வடிவில் கிடைப்பன. அங்ஙனமாயின் இல்லம் எதற்கு? மூடியிருந்த காலத்தில் அது தன்னை நாடியோரை எவ்வாறு அடைந்தது? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அவற்றை ஈண்டு ஆராய்வோம்.

1. இல்லத்தின் வரலாறு

எமிலி டிக்கின்சன் 1830 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தார். 1886 மே 15ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்ததும் மறைந்ததும் ஒரே வீட்டில்தான். ‘ஹோம்ஸ்டெட்’ எனப்படும் அச்செங்கல் வீட்டை அவருடைய பாட்டனார் சாமுவேல் ஃபௌலர் டிக்கின்சன் 1813ஆம் ஆண்டளவில் கட்டினார். 1840இல் குடும்பம் வேறொரு வீட்டிற்குச் சென்றது. 1855இல் தந்தையார் எட்வர்டு பழைய வீட்டை மீண்டும் வாங்கியபின் அங்கே திரும்பியது. மறு ஆண்டு, தமையனார் ஆஸ்டினுக்கும் அவர் மனைவி சூசனுக்குமாக அடுத்த மனையில் ‘எவர்கிரீன்ஸ்’ என்னும் வீடு எழுந்தது.

எமிலியின் தங்கை லவீனியா 1899இல் மறைந்தபின், ஹோம்ஸ்டெட் 1916இல் பிறர் கைக்கு மாறியது. 1965இல் ஆமர்ஸ்டுக் கல்லூரி அதனை விலைக்கு வாங்கியது. 2003இல் இரு வீடுகளும் ஒன்றாக இணைக்கப்பட்டு, இப்போதுள்ள நினைவில்லம் உருவாயிற்று.

இங்கே ஓர் உண்மையை மனத்திற்கொள்ளல் வேண்டும். புலவரின் கையெழுத்துப்படிகள் இவ்வில்லத்தில் இல்லை. அவற்றுள் ஒரு பெரும்பகுதி ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து ஹௌட்டன் நூலகத்திலும், மற்றொரு பெரும்பகுதி ஆமர்ஸ்டுக் கல்லூரி நூலகத்திலும் உள்ளன. அவர் எழுதுதற்குப் பயன்படுத்திய சிறு மேசையும், இளமையில் உலர்த்தித் தொகுத்த செடிகொடிகளின் ஏடும் ஹார்வர்டிலேயே உள்ளன. அவர் அணிந்ததாகப் போற்றப்படும் வெண்ணிற ஆடை ஆமர்ஸ்டு வரலாற்றுக் கழகத்தின் உடைமை. இல்லத்தில் காட்டப்படுவது அதன் படியே. எனவே, கதவு திறந்திருந்த நாளிலும் இல்லத்திற்குச் சென்றோர் மூலப்பொருள்களில் பலவற்றை அங்கே கண்டாரல்லர்.

ஆதலால், பாட்டை மூலம் எனக் கொண்டால், இல்லத்தை அதன் உரை எனக் கொள்வதே பொருத்தம். உரையின்றி மூலம் நிற்கும்; மூலமின்றி உரை நில்லாது. ஆயினும் நல்லுரை இன்றேல் மூலத்தின் சில இடங்கள் விளங்காமலே போகும். இக்கருத்தே இக்கட்டுரையின் அடிப்படையாகும்.

2. மூடிய இல்லம் ஆற்றிய பணி

நேரில் வருவோரை ஏற்க இயலாமற்போனபோது, நினைவில்லத்தார் இணையவழியை நாடினர். தம் கால வாழும் கவிஞர்களை அழைத்துத் திங்கள்தோறும் பாட்டுப் படிக்கச் செய்யும் ‘ஃபாஸ்பரசென்ஸ்’ என்னும் வரிசை 2020இல் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் புலவரின் பிறந்தநாள் விழாவும் இணையவழியே நிகழ்ந்தது.

இவற்றுள் தலையாயது, ஆண்டுதோறும் நடைபெறும் கவிதை விழாவின் தொடர்வாசிப்பாகும். ஃபிராங்க்ளின் பதிப்பிலுள்ள 1,789 பாட்டுகளையும் ஒன்றுவிடாமல், வரிசை பிறழாமல், பலர் முறைமாற்றி உரக்கப் படித்தலே அது. முழுவதும் படித்து முடிக்க ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும் என்பர். முன்னர் ஆமர்ஸ்டில் நேரிற் கூடிச் செய்த இதனை, 2020இல் பல ஊர்களிலும் இருந்தோர் தத்தம் வீட்டில் அமர்ந்தவாறே செய்தனர்.

இதன் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். இல்லம் மூடியபோது, அறைகளின் படங்களைக் காட்டுதல் ஒன்றே போதும் என அவர்கள் கருதவில்லை, மூலத்தையே ஓதினர். உரை மறைந்திருந்த காலத்தில் மூலம் முன்வந்தது. புகழ்பெற்ற முப்பது நாற்பது பாட்டுகளை மட்டுமே அறிந்தோர், எவரும் எடுத்தாளாத சிறு பாட்டுகளையும் முற்றுப்பெறாத சிதைவுகளையும் செவியாற் கேட்டனர். தெரிபாடல் தொகுதிகளால் அமைந்த புலவரின் உருவம், முழுத்தொகுதியைக் கேட்கும்போது மாறுதல் இயல்பு.

மற்றொன்றும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து டிக்கின்சனைப் பயிலும் மாணவர்க்கு அவ்வில்லம் என்றுமே கடலுக்கு அப்பாற்பட்டது. 2020இல் ஆமர்ஸ்டுத் தெருவில் வாழ்வோரும் நம்மைப் போன்றே வாசலுக்கு வெளியே நின்றனர். ஊராரும் தொலைவில் உள்ளோரும் ஒரே வழியால் பாட்டை அடைந்த காலம் அதுவெனலாம்.

3. இருவகை அடைப்பு

டிக்கின்சன் தம் பிற்கால வாழ்வில் வீட்டைவிட்டு வெளியே செல்வதைக் குறைத்து, பின்னர் முற்றும் தவிர்த்தார். ஆதலின், தொற்றுக் காலத்தில் வீட்டுள் அடைபட்டோர்க்கு அவரே முன்னோடி எனப் பலரும் எழுதினர். இவ்வொப்புமை பாதி உண்மையே.

அவர் கதவை அடைத்தாரேயன்றித் தொடர்பை அடைத்தாரல்லர் என்பது உண்மையான பாதி. 1862 ஏப்ரலில், முன்பின் அறியாத தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனுக்குத் தம் பாட்டுகளை அனுப்பித் தாமே தொடர்பைத் தொடங்கினார். அவருக்கு மட்டும் ஏறத்தாழ 100 பாட்டுகளையும், அண்ணியார் சூசனுக்கு ஏறத்தாழ 250 பாட்டுகளையும் அனுப்பியுள்ளார். 2024இல் வெளிவந்த கடிதங்களின் புதுப்பதிப்பு 1,304 கடிதங்களைக் கொண்டது. அண்டை வீட்டுச் சிறார்க்கு மாடிச் சாளரத்திலிருந்து கூடையில் இஞ்சி அப்பம் இறக்கித் தந்தார் என்பது, அச்சிறாருள் ஒருவர் வளர்ந்தபின் எழுதிய நினைவுக் குறிப்பால் அறியப்படும்.

பொருந்தாத பாதி யாதெனின், அவர் அடைப்பு அவரே தேர்ந்தது. 2020இன் அடைப்பு நோயால் வந்தது. மேலும், ஒருவர் வீட்டுள் அமர்ந்து எழுதுவதற்குப் பிறர் உழைப்புத் தேவை. அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் மேயர் 1869 முதல் அக்குடும்பத்தில் பணிபுரிந்தார். எமிலியின் பாட்டுப்படிகள் அவருடைய பெட்டியில் இருந்து காக்கப்பட்டன என ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டுவர். புலவரின் உடலைப் பின்வாசல் வழியே எடுத்துச் சென்று இடுகாட்டிற்குச் சுமந்தோரும் அங்கே பணிபுரிந்த அயர்லாந்து மக்களே. கதவடைத்த புலவரைப் பற்றிப் பேசும்போது, அக்கதவின் உட்புறம் வேலை செய்தோரை மறத்தல் வரலாறாகாது. தொற்றுக் காலத்திலும் சிலர் வீட்டுள் இருக்கப் பிறர் வெளியே உழைக்கவேண்டியிருந்தமையை நோக்க, இது பழங்கதை அன்று என்பது புலனாகும்.

4. பதிப்பும் செப்பனிடலும்

மூடியிருந்த ஈராண்டுகளில் இல்லத்தினுள் நிகழ்ந்த பணி, பதிப்புப் பணியோடு ஒப்பிடத்தக்கது.

டிக்கின்சன் வாழ்நாளில் அச்சேறியவை ஏறத்தாழ 10 பாட்டுகளே. அவையும் பெயரின்றி வெளிவந்தன. அவர் தம் பாட்டுகளில் 800க்கு மேற்பட்டவற்றைச் செம்மையாகப் படியெடுத்து, தாள்களை நூலால் தைத்து, 40 சிறு கட்டுகளாக வைத்திருந்தார். மேபல் லூமிஸ் டாடும் ஹிக்கின்சனும் 1890இல் முதல் தொகுதியை வெளியிட்டனர். அவர்கள் தலைப்புச் சேர்த்தனர். நிறுத்தக் குறிகளை மாற்றினர். சில இடங்களில் சொல்லையும் மாற்றினர். கட்டுகளும் பிரிக்கப்பட்டன. 1955இல் தாமஸ் ஜான்சன் பாடவேறுபாடுகளுடன் கையெழுத்துப்படியைத் தழுவிய பதிப்பை அளித்தார். 1981இல் ஃபிராங்க்ளின், ஊசித் துளைகளும் தாளிற் படிந்த கறைகளும் ஒன்றோடொன்று பொருந்துமாற்றை ஆராய்ந்து, பிரிந்த கட்டுகளை மீண்டும் வரிசைப்படுத்தினார். 1998இல் முழுப்பதிப்பை வெளியிட்டார்.

இல்லத்தைச் செப்பனிட்டோர் முறையும் இதுவே. அவர்தம் படுக்கையறைச் சுவரில் எஞ்சியிருந்த தாள் துணுக்குகளைக் கொண்டு பழைய சுவர்த்தாளை மீட்டுருவாக்கும் பணி 2015இல் நிறைவெய்தியது. 1916இல் அகற்றப்பட்ட செடிவளர்ப்புக் கண்ணாடி அறை, அப்போது எடுத்துவைக்கப்பட்ட சாளரங்கள் முதலியவற்றைப் பயன்படுத்தி 2017இல் மீண்டும் கட்டப்பட்டது. 2020 முதல் 2022 வரை, விருந்தினர் கூடம், நூலறை, நடைவழி முதலிய பகுதிகள் அவ்வாறே சான்று நோக்கிச் செப்பனிடப்பட்டன. பிற்கால உடைமையாளர் செய்த மாற்றங்கள் பாடத்தில் ஏறிய இடைச்செருகல் போன்றவை. சுவர்த்தாள் துணுக்கு, ஊசித் துளை போன்ற அகச்சான்று.

திறந்த இல்லத்தில் இப்பணி எளிதன்று. ஆகவே, அடைப்பு வெறும் இழப்பு அன்று. உரை திருத்தப்பட்ட காலமும் ஆகும்.

5. இல்லம் தரும் விளக்கம்

இனி முதல் வினாவிற்கு வருவோம். பாட்டு இணையவழியே அனைவரையும் அடையுமாயின், சுவர்த்தாளை ஆராய்ந்து ஒட்டுவதில் பயன் என்ன?

ஒரு சான்று காட்டுவோம். சூசனுக்குச் சென்ற கடிதங்களையும் பாட்டுகளையும் நூலில் மட்டும் படிப்போர், இருவரும் தொலைவில் வாழ்ந்தனர் என எண்ணக்கூடும். எவர்கிரீன்ஸ் அடுத்த மனை. புலவரின் அறை வீட்டின் தென்மேற்கு மூலையில் உள்ளது. அதன் மேற்குச் சாளரங்கள் அவ்வீட்டை நோக்கியன. அழைத்தால் வரக்கூடிய ஒருவருக்கே அத்துணைப் பாட்டுகளும் எழுத்தாகச் சென்றன. எனவே அவர்க்கு எழுத்து என்பது நேர்ப்பேச்சு இயலாமையால் கொண்ட மாற்று அன்று; பேச்சினும் மேலாகத் தேர்ந்த வழி. இம்முடிவிற்கு நம்மைக் கொண்டுசெல்வது நூலன்று. இரு வீடுகளின் அண்மையே.

பாட்டோடும் கடிதத்தோடும் அவர் மலர் வைத்து அனுப்புவது வழக்கம். பனி சூழ்ந்த திங்களிலும் அம்மலர் எவ்வாறு கிடைத்தது என்பதற்குச் செடிவளர்ப்பு அறை விடையாகும். இத்தகைய விளக்கங்களை இல்லம் தருகிறது. படமும் ஓரளவு தரும். ஆயினும் அறையின் அளவு, ஒளி விழும் திசை, இரு வாசல்களுக்கு இடைப்பட்ட நடைத்தொலைவு ஆகியவற்றைக் காலாலும் கண்ணாலும் அளந்தறிதலுக்கு அது ஈடாகாது.

முடிவுரை

2022 ஆகஸ்டில் ஹோம்ஸ்டெட் மீண்டும் திறக்கப்பட்டது. எவர்கிரீன்ஸ் 2024இல் திறக்கப்பட்டது. தொடர்வாசிப்பு இணையவழி இன்றி அமையாது என்ற நிலை நீங்கியபின்னும், தொலைவில் உள்ளோர்க்கென இணையவழி நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. அடைப்புக் காலத்திற்கென வந்த வழக்கம் நிலைபெற்றுவிட்டது.

இதனால் நாம் பெறும் முடிவுகள் இரண்டு. புலவர் இல்லத்திற்கு வருவோர் யாவர் என்பதை வாயிலில் எண்ணி அறிதல் போதாது. பாட்டை நாடி வருவோர் அனைவரும் அதன் விருந்தினரே. அவ்விருந்தினர்க்கு இல்லம் ஆற்றவேண்டிய கடனும் இரண்டு: மூலத்தை முழுமையாக முன்வைத்தல், தன்னைச் சான்றுவழி நின்று திருத்திக்கொள்ளல். இவ்விரண்டையும் செய்யும் இல்லம் மூடியிருந்தாலும் பணி செய்யும். இவற்றைச் செய்யாத இல்லம் நாள்தோறும் திறந்திருப்பினும், மூலத்தை மறந்த உரையாகவே நிற்கும்.