மல்லாந்து படுக்க ஒரு மோட்டார்

எங்கப்பாவுக்குத் தீராத தோள்வலி. ஒருக்களித்துப் படுக்க முடியாது. மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்து, மூச்சு நின்று நின்று வரும். வலியா, மூச்சா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

1970களில் முற்றிய நிலையில் இதற்கு உறுதியான வைத்தியம், கழுத்தில் ஓட்டை போடுவதுதான் (நினைத்தாலே பகீர்!). 1980 ஜூனில், அதற்குச் சம்மதிக்காத ஒருவருக்கு, சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் மூக்கு வழியே இடைவிடாமல் காற்றைச் செலுத்திப் பார்த்தார். தொண்டை மூடவில்லை, மனிதர் நன்றாகத் தூங்கினார். 1981இல் 'லான்செட்' இதழில் ஐந்து நோயாளிகளின் முடிவுகள் வந்தன. ஆரம்பகால மெஷின்கள் ஏக இரைச்சல். மாஸ்க்கை ராத்திரிதோறும் முகத்தில் பசை போட்டு ஒட்ட வேண்டும். கழுத்து ஓட்டைக்கு அது தேவலை இல்லையா?

அப்பாவின் மாஸ்க்குக்குப் பசை கிடையாது, வார்தான். அதற்கே மூன்று வாரம் சண்டை போட்டார். இப்போது மல்லாந்துதான் தூங்குகிறார்.