நள்ளிரவுக் குருதி

யானைக்கால் நோயின் வரலாற்றில் கல்கத்தாவுக்குத் தனியிடம் உண்டு. 1872ஆம் ஆண்டில் இராணுவ மருத்துவர் திமோத்தி லூயிஸ், அந்நோய்க்குரிய நுண்ணிய புழுக்குஞ்சுகள் மனிதக் குருதியில் நெளிவதை அங்கே கண்டார். அவை இரவிலேயே வெளிக்குருதியில் உலவும் என்பதைப் பின்னர் மான்சன் உணர்த்தினார். ஆகவே சோதனையாளர் நள்ளிரவில் கதவைத் தட்டலாயினர். உறக்கம் கலைந்தோர் விரல் நீட்ட மறுத்தால் நாம் வியப்பதற்கில்லை!

தாய்ப்புழுவோ நிணநாளங்களில் தங்கி, தன் புரதங்களை இரவும் பகலும் குருதியில் கசியவிடுகிறது. அப்புரதமொன்றைப் பற்றும் எதிர்ப்பொருளைத் தாங்கிய அட்டைச் சோதனை 1990களில் வந்தது. பகலில் எடுத்த விரல்துளிக் குருதியே போதும்.

சிகிச்சைக்கும் அது உதவிற்று. 1947இல் அறிமுகமான டைஎத்தில்கார்பமசின் குஞ்சுகளை விரைவில் ஒழிக்கும். தாய்ப்புழுக்களுட் பல பிழைத்துவிடும். குருதியில் குஞ்சே இல்லாதபோதும் அட்டையில் கோடு தெரிந்தால், தாய்ப்புழு இன்னும் உயிரோடிருக்கக்கூடும் என மருத்துவர் அறிவர்.