தூத்துக்குடி மாவட்ட வேளாண் மண்ணிலிருந்து நைட்ரசு ஆக்சைடு வெளியேற்றம்

தூத்துக்குடி மாவட்ட வேளாண் மண்ணிலிருந்து நைட்ரசு ஆக்சைடு வெளியேற்றம் என்பது, தாமிரபரணியின் கடைப்பகுதி நஞ்சை நிலங்களிலும், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களின் கரிசல் நிலங்களிலும் இடப்படும் நைட்ரசன் உரத்தின் ஒரு சிறு பகுதி, மண்வாழ் நுண்ணுயிரிகளின் செயலால் நைட்ரசு ஆக்சைடு வளிமமாக மாறிக் காற்றில் கலப்பதைக் குறிக்கும். தூத்துக்குடி யூரியா உற்பத்தியாகும் நகராகவும், உரமும் உர மூலப்பொருட்களும் இறக்குமதியாகும் துறைமுகமாகவும், அவ்வுரத்தைப் பயன்படுத்தும் வேளாண் மாவட்டமாகவும், வயலிலிருந்து வழிந்த நைட்ரேட்டு சென்று சேரும் முத்துக்குளிப்புக் கடற்கரையாகவும் ஒருங்கே விளங்குகிறது. எனவே நைட்ரசனின் முழுப் பயணத்தையும் ஓரிடத்திலேயே காண இப்பகுதி ஏற்றது.

நைட்ரசு ஆக்சைடு

நைட்ரசு ஆக்சைடு நிறமற்ற, சற்றே இனிய மணமுள்ள வளிமம். 1772 ஆம் ஆண்டில் சோசப்பு பிரீசுட்லி இதனைக் கண்டறிந்தார். மருத்துவத்தில் வலியுணர்வு நீக்கியாகப் பயன்படும் இது, சிரிப்பூட்டும் வாயு என்னும் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. வளிமண்டலத்தைப் பொறுத்தவரை இதன் தன்மை சிரிப்புக்குரியதன்று. 100 ஆண்டுக் காலத்தில், ஒரு கிலோ நைட்ரசு ஆக்சைடு ஏறத்தாழ 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்குகிறது. வளிமண்டலத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்திருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடிக்கு 270 பங்காக இருந்த இதன் செறிவு, 2023 இல் ஏறத்தாழ 337 பங்காக உயர்ந்தது. ஓசோன் படலத்தையும் இது சிதைக்கிறது. இன்று வெளியிடப்படும் ஓசோன் சிதைப்பிகளுள் இதுவே முதன்மையானது என்பதை ஏ. ஆர். இரவிசங்கராவும் உடன் ஆய்வாளர்களும் 2009 இல் எடுத்துக்காட்டினர். மாந்தச் செயல்களால் நைட்ரசு ஆக்சைடை வெளியிடும் நாடுகளுள் சீனாவுக்கு அடுத்த நிலையில் இந்தியா உள்ளது. வேளாண்மையே அதன் முதன்மை வாயில்.

மண்ணில் நிகழ்வது

யூரியா மண்ணில் விழுந்ததும் ஈரத்துடன் வினைபுரிந்து அம்மோனியமாகிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் ஒருவகை நுண்ணுயிரிகள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இது நைட்ரேட்டாக்கம் எனப்படும். காற்று குறைந்த, ஈரம் மிகுந்த மண்ணில் வேறுவகை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிசனைப் பறித்துப் படிப்படியாக அதனை நைட்ரசன் வளிமமாக்குகின்றன. இது நைட்ரேட்டிறக்கம். முதல் வினையில் ஒரு கசிவாகவும், இரண்டாம் வினையில் ஓர் இடைநிலைப் பொருளாகவும் நைட்ரசு ஆக்சைடு உண்டாகிறது.

மண்ணின் ஈரநிலையே இங்குத் தீர்மானிக்கும் காரணி. மண்ணின் நுண்துளைகளில் சுமார் 60 முதல் 80 விழுக்காடு நீர் நிறைந்திருக்கையில் வெளியேற்றம் உச்சத்தை அடைகிறது. அதற்கு மேல் நீர் தேங்கினால் வினை முற்றுப்பெற்று, தீங்கற்ற நைட்ரசனாகவே வெளியேறுகிறது. ஆகவே நீர் தேங்கிய நெல்வயலைக் காட்டிலும், நனைந்தும் காய்ந்தும் மாறிவரும் வயலே மிகுதியாக நைட்ரசு ஆக்சைடைத் தரும். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையும் இத்தகையதே. கோடை முழுவதும் வெடித்துக் கிடந்த கரிசல் மண் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நனையும்போது, நுண்ணுயிரிகள் திடீரென விழித்தெழுந்து, சில நாட்களிலேயே பருவ வெளியேற்றத்தின் கணிசமான பகுதியை வெளியிட்டுவிடக் கூடும். அளவீட்டாளர்கள் வாரம் ஒருமுறை மட்டும் வயலுக்குச் சென்றால் இத்துடிப்பைத் தவறவிட்டுவிடுவர். மண்மீது மூடிய கலத்தை வைத்து, குறித்த நேர இடைவெளிகளில் உள்ளிருக்கும் காற்றை ஊசிக்குழலால் எடுத்து, வளிம நிறப்பிரிகைக் கருவியில் ஆய்வதே வழக்கமான அளவீட்டு முறை.

தூத்துக்குடியும் உரமும்

ஸ்பிக் எனச் சுருங்க அழைக்கப்படும் நிறுவனம் 1969 இல் பதிவு செய்யப்பட்டு, 1975 முதல் தூத்துக்குடியில் யூரியா உற்பத்தி செய்து வருகிறது. ஆலையின் ஆண்டுத் திறன் ஏறத்தாழ 6.2 இலட்சம் டன். நெடுங்காலம் நாப்தாவை மூலப்பொருளாகக் கொண்டிருந்த இவ்வாலைக்கு இயற்கை எரிவளிமம் வழங்கும் இராமநாதபுரம்–தூத்துக்குடி குழாய்த் தடம் 2021 பெப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. இம்மாற்றம் ஆலையில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்கும். ஆனால் மூட்டையில் அடைக்கப்பட்டு வயலுக்குச் செல்லும் யூரியா எந்த மூலப்பொருளில் உருவானது என்பது மண்ணுக்கு ஒரு பொருட்டன்று.

மாவட்டத்தின் நஞ்சை, தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசி இரண்டான மருதூர், திருவைகுண்டம் ஆகியவற்றின் கால்வாய்களை நம்பியுள்ளது. இங்குக் கார், பிசானம் என்னும் பருவங்களில் நெல்லும், திருவைகுண்டம், ஏரல் பகுதிகளில் வாழையும், ஆத்தூர் பகுதியில் வெற்றிலையும் பயிராகின்றன. மாவட்டத்தின் வடபகுதி மானாவாரிக் கரிசல் நிலம். அங்கு மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, மிளகாய் ஆகியன விளைகின்றன. தெற்கே செந்நிறத் தேரி மணல் உள்ளது. அது நீரையும் நைட்ரேட்டையும் எளிதில் கீழே கசியவிடும்.

கணக்கிடும் முறை

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவின் வழிமுறைப்படி, மண்ணில் சேர்க்கும் நைட்ரசனில் பொதுவாக 1 விழுக்காடு நைட்ரசு ஆக்சைடாக நேரடியாக வெளியேறுவதாகக் கொள்ளப்படுகிறது. 2019 இல் வெளியான திருத்தம் உலர் காலநிலைக்கு 0.5 விழுக்காடும், இடைவிடாது நீர் தேங்கிய நெல்வயலுக்கு 0.3 விழுக்காடும் எனப் பிரித்துத் தருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழையே பெறும் இம்மாவட்டத்தின் மானாவாரி நிலங்கள் உலர் வகையில் அடங்கும்.

எடுத்துக்காட்டாக, தோட்டக்கால் வாழைக்கு மரம் ஒன்றுக்கு 110 கிராம் நைட்ரசன் வீதம், எக்டேருக்கு 2,500 மரங்களுக்கு 275 கிலோ நைட்ரசன் இடப்படுவதாகக் கொள்வோம். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரசன் இருப்பதால் இது ஏறத்தாழ 600 கிலோ யூரியா. பொது மதிப்பின்படி 2.75 கிலோ நைட்ரசன், அதாவது 4.3 கிலோ நைட்ரசு ஆக்சைடு வெளியேறும். புவி சூடாதலில் இது சுமார் 1,180 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகும். உழவருக்கு இழப்பாகும் நைட்ரசன் மூன்று கிலோ கூட இல்லை. வளிமண்டலத்துக்கோ ஒரு டன்னுக்கு மேல். இச்சிக்கலை உழவரிடம் எடுத்துரைப்பது கடினமாக இருப்பதற்கு இவ்வேறுபாடே காரணம் எனலாம். அவரைப் பெரிதும் பாதிக்கும் இழப்பு அம்மோனியாவாக ஆவியாவதும் நைட்ரேட்டாகக் கசிவதுமே. யூரியா நைட்ரசனில் 15 விழுக்காடு ஆவியாகும் என மேற்கண்ட திருத்தம் கொள்கிறது. காற்றிலும் நீரிலும் சென்ற அந்த நைட்ரசனும் பின்னர் வேறிடத்தில் ஓரளவு நைட்ரசு ஆக்சைடாகிறது. இது மறைமுக வெளியேற்றம் எனப்படும்.

நெல்லும் நீரும்

நெல்வயலில் நீரைத் தேக்கினால் மீத்தேன் மிகும். வடித்தால் மீத்தேன் குறைந்து நைட்ரசு ஆக்சைடு மிகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் பாய்ச்சும் முறை நீரையும் மீத்தேனையும் குறைக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், கருநாடகம் ஆகிய மாநிலங்களின் வயல்களில் அளந்து 2018 இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, இம்முறையில் ஒரு பருவத்தில் எக்டேருக்கு 33 கிலோ வரை நைட்ரசு ஆக்சைடு வெளியேறக்கூடும் என அறிவித்தது. அவ்வளவு உயர்ந்த மதிப்பை எல்லா நெல்வயல்களுக்கும் பொதுமைப்படுத்த இயலாது எனப் பிற நெல் ஆய்வாளர்கள் மறுத்தனர். வடிக்கும் காலத்தில் மண்ணில் நைட்ரேட்டு மிஞ்சியிராதபடி உரத்தைப் பிரித்து இடுவது இரு தரப்பினருக்கும் ஏற்புடையதே.

கடலோரம்

கசிந்த நைட்ரேட்டு தாமிரபரணி வழியே புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. 21 தீவுகளைக் கொண்ட இவ்வளைகுடா 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. முத்துச்சிப்பிப் பார்கள் இங்குள்ளன. பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961 உடன் நின்றுபோயிற்று. அதற்கு உரத்தைக் காரணமாகக் கூறுவது பொருந்தாது, ஏனெனில் வேதியுரப் பயன்பாடு பெருகியது அதற்குப் பின்னரே. ஆயினும் மிகை நைட்ரசன் கடற்பாசிகளை வளர்த்துப் பவளங்களை நெருக்கும் என்பது பொதுவாக அறியப்பட்டது. 2023 திசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்து, தாமிரபரணிக் கரை வயல்கள் மூழ்கின. இத்தகைய வெள்ளங்களில் மேல்மண்ணோடு கரையும் நைட்ரேட்டும் கடலை நோக்கியே செல்லும்.

குறைக்கும் வழிகள்

வேப்பெண்ணெய் பூசிய யூரியா, நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரிகளின் வேகத்தைத் தணிக்கிறது. உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவதை இந்திய அரசு 2015 இல் கட்டாயமாக்கியது. யூரியா, சிப்சம், வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றை 5:4:1 வீதத்தில் கலந்து ஓரிரவு வைத்து இடும் முறையைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இலை வண்ண அட்டையைக் கொண்டு நெற்பயிரின் பசுமையை ஒப்பிட்டுத் தேவைக்கேற்ப உரமிடுவதும், வாழைக்குச் சொட்டுநீருடன் உரம் செலுத்துவதும் பயன் தருவன. எனினும் விலை எதிர்த்திசையில் இழுக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வரியும் வேம்புப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 2018 முதல் 242 ரூபாயாகவே உள்ளது. 2010 இல் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா அதில் சேர்க்கப்படவில்லை. பிற உரங்களின் விலை ஏறியதால் யூரியாவின் பங்கு மிகுந்தது.

இலங்கையின் பட்டறிவு

மன்னார் வளைகுடாவின் மறுகரையிலுள்ள இலங்கையில், 2019 அக்டோபரில், நைட்ரசன் விரயத்தை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் கொழும்பு சாற்றுரை ஏற்கப்பட்டது. 2021 மே மாதத்தில் அந்நாடு வேதியுர இறக்குமதியையே தடை செய்தது. மாற்று உரம் போதிய அளவு கிடைக்காமல் நெல், தேயிலை விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. உழவர் போராட்டங்களைத் தொடர்ந்து அவ்வாண்டு நவம்பரில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. 2022 இல் இந்தியா கடனுதவித் திட்டத்தின்கீழ் இலங்கைக்கு யூரியா அனுப்பியது.