அவசரகால நிதியும் பாடசாலை மாவட்டங்களும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவிற் பொதுக்கல்வி மத்திய அரசின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டதன்று. ஏறத்தாழ 13,000 பாடசாலை மாவட்டங்கள், பெரும்பாலும் மக்களாற் தெரிவுசெய்யப்பட்ட சபைகளின் வழியே, அதனை நடத்திவருகின்றன. அவற்றின் வருமானத்தில் பெரும்பகுதி மாநில அரசுகளிடமிருந்தும் உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்தும் கிடைப்பது. சாதாரண காலங்களில் மத்திய அரசின் பங்கு ஏறத்தாழப் பத்திலொன்றே. ஆகவே, நிலத்தின் பெறுமதி குறைந்த ஊரிற் பாடசாலையும் வறியதாக இருத்தல் கூடும். நெருக்கடி நேரும்போது மட்டும் மத்திய அரசின் பணம் பெருமளவில் வந்து சேர்கின்றது. அப்பணம் எவ்வாறு செலவாயிற்று என்பதை மூன்று காலகட்டங்களில் வைத்து நோக்கலாம்.

முதலாவது, 1930களின் பெருமந்தக் காலம். வரி வருமானம் வீழ்ச்சியுற்றமையால் சிக்காகோ நகர ஆசிரியர்கள் மாதக்கணக்கிற் சம்பளமின்றிப் பணியாற்றி, 1933இல் வங்கிகளை நோக்கி ஊர்வலஞ் சென்றனர். அவ்வாண்டு அமைக்கப்பட்ட மத்திய அவசர நிவாரண நிர்வாகம், வேலையிழந்த ஆசிரியர்களைக் கிராமப் பாடசாலைகளிலும் முதியோர் எழுத்தறிவு வகுப்புகளிலும் அமர்த்தி ஊதியம் வழங்கியது. அதே ஆண்டில் தோன்றிய பொதுப்பணி நிர்வாகமோ கட்டடங்களை எழுப்பியது. 1933க்கும் 1939க்கும் இடையில் அந்நாட்டில் எழுந்த புதிய பாடசாலைக் கட்டடங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் அதன் உதவி பெற்றவை என்பர். நிவாரண ஆசிரியரின் பணி நிதியோடு முடிவுற்றது. கட்டடங்களோ தலைமுறைகளைக் கடந்து நின்றன.

இரண்டாவது, 2008இன் நிதி நெருக்கடியைத் தொடர்ந்த காலம். 2009 பெப்ரவரியில் நிறைவேறிய மீட்புச் சட்டம், மாநிலங்களின் நிதியை நிலைப்படுத்த 5,360 கோடி டொலரை ஒதுக்கியது. அதில் பெரும்பகுதி கல்விக்குரியது. அதனைக் கொண்டு மாவட்டங்கள் முதன்மையாக ஆசிரியரின் வேலையைக் காத்தன. 2010 ஓகஸ்டில் மேலும் 1,000 கோடி டொலர் அதே நோக்கத்திற்காக வழங்கப்பட்டது. ஆயினும் மாநிலங்களின் வருமானம் மீளுமுன்னரே நிதி தீர்ந்துவிட்டது. ஆட்குறைப்பு தவிர்க்கப்படவில்லை, தள்ளிப்போடப்பட்டதே உண்மை.

மூன்றாவது, கோவிட்-19 பெருந்தொற்றுக் காலம். 2020 மார்ச்சில் 1,320 கோடி, அவ்வாண்டு டிசம்பரில் 5,430 கோடி, 2021 மார்ச்சில் 12,200 கோடி என மூன்று சட்டங்களின் வழியே ஏறத்தாழ 19,000 கோடி டொலர் வழங்கப்பட்டது. 1965ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் வறிய மாணவர்க்கு வகுத்த பங்கீட்டு முறையே இதற்கும் அடிப்படையாயிற்று. எனவே வறிய மாவட்டங்கள் கூடுதலாகப் பெற்றன. மூன்றாவது சட்டத்தின்கீழ் மாவட்டங்கள் தாம் பெற்றதில் ஐந்திலொரு பங்கையேனும் கற்றல் இழப்பை ஈடுசெய்யச் செலவிடல் வேண்டும். எஞ்சியதில் அவற்றுக்குப் பரந்த சுதந்திரம் இருந்தது. மேலதிக ஆசிரியர், உளவள ஆலோசகர், கோடைகால வகுப்பு, கணினி, காற்றோட்ட வசதி எனச் செலவு பலவாறாகப் பரந்தது.

மிச்சிகன் மாநிலத்தின் டெற்றோயிற் மாவட்டம் இங்கு கருதத்தக்கது. 2018இல், நீரில் ஈயமும் செம்பும் காணப்பட்டமையால், அதன் பாடசாலைகளிற் குடிநீர்க் குழாய்கள் மூடப்பட்டன. அம்மாவட்டம் பெருந்தொற்று நிதியாகப் பெற்ற ஏறத்தாழ 127 கோடி டொலரில் 70 கோடியைக் கட்டடங்களுக்கென ஒதுக்கியது. இழந்த பாடங்களுக்கான பணம் சுவருக்கும் கூரைக்குமா என வினவுதல் எளிது. ஆனால் பல்லாண்டுப் புறக்கணிப்பைச் சரிசெய்ய அம்மாவட்டத்திற்கு வேறு பணம் எங்கிருந்து வரும்? மேலும், ஒருமுறை வரும் பணத்தை ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய சம்பளத்தில் இட்டால் நேர்வது யாதென்பதை 2009இன் அனுபவம் முன்னரே உணர்த்தியிருந்தது.

எனினும் கட்டடமே எப்போதும் நல்ல தெரிவென முடிவுசெய்தல் பொருந்தாது. கூரை நிலைக்கும், பிள்ளையின் பள்ளிப்பருவமோ மீளாது. 2024இல் ஹாவர்ட், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட கணிப்பின்படி, ஒரு மாணவருக்கு 1,000 டொலர் வீதம் செலவிடப்பட்டபோது கணிதத்தில் ஓராண்டுக் கற்றலின் நூற்றில் மூன்று பங்களவு முன்னேற்றம் ஏற்பட்டது. அது சிறிது, ஆயினும் இல்லையெனத் தள்ளத்தக்கதன்று. புதிதாக நிதியை ஒப்பந்தஞ் செய்வதற்கான இறுதித் தவணை 2024 செப்டெம்பர் 30உடன் முடிவுற்றபோது, அந்நிதியால் நியமனம் பெற்றோரை வைத்திருப்பதா விலக்குவதா என்னும் பழைய வினா மீண்டும் எழுந்தது.

இம்மூன்று காலங்களையும் இணைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. அவசரகால நிதி அவசரத்திற்கு மட்டும் செலவாவதில்லை. வழமையான நிதி நெடுங்காலம் எங்கே எட்டவில்லையோ அவ்விடத்தை நோக்கியே அது பாய்கின்றது. ஆதலின், அச்செலவுக் கணக்கினை மாவட்டங்களின் சிக்கனத்தை அளக்கும் கோலாக மட்டும் கொள்ளலாகாது. அமைதியான காலத்தில் அந்நாட்டின் கல்விப் பங்கீடு எவரைக் கைவிட்டிருந்தது என்பதற்கு அதுவே சான்றாகும்.